புத்தி நாலு

ஜூன் 7, சனி

ஹாலைக் கூட்டும்போது சோபாவுக்கு அடியில் ஒரு தாள் கிடைத்தது. இன்பாவின் விளையாட்டுக் கூட்டம் விட்டுப்போனது.

இன்பா என் மகள் கோகிலா வயிற்றுப் பேத்தி. சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அவளும் அவளோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பரணி, ஷெரின், கிஷோர். சீட்டுக்கட்டும் கிடையாது, பலகையும் கிடையாது. பரணி கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு வாயாலேயே அந்தக் கதைக்குள் நடப்பார்கள், சண்டை போடுவார்கள், சாவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். வேஷம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. பரணிக்குத் தமிழ் மேல் பிடிப்பு அதிகம், எல்லாத் தாளும் தமிழில்தான் இருக்கும். அதனால்தான் படித்துத் தொலைத்தேன்.

இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெயர்: மாரிக் கிழவி.
பின்னணி: ஐந்தாம் வகுப்பு. பஞ்சாலையில் வேலை பார்த்ததையே முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.
வலு 9. லாவகம் 7. தாங்கும் சக்தி 15. புத்தி 4. விவேகம் 8. கவர்ச்சி 10.
குணம்: பெருமை.
குறை: சொன்னதை மறந்துவிடுவாள். பாவம்.
குறிப்பு: கூகைராணி, புத்தி ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மனதைப் படிப்பாள். இவள் மனதைப் படிக்க மாட்டாள். படிக்க அங்கே ஒன்றும் இல்லை.

என் பெயர் மாராத்தாள். ஐந்தாம் வகுப்பு. பஞ்சாலையில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருஷம், அதில் கடைசி ஒன்பது வருஷம் நாற்பது பெண்களுக்கு மேஸ்திரி. கூகைராணி பரணி சொல்லும் கதையில் வரும் ராணி. அப்படியானால் தாளும் பரணியுடையது. இந்த வீட்டில் நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு எழுதியிருக்கிறான்.

மை ஊதா. இன்பாவிடம் ஊதாப் பேனா இருக்கிறது. அவளிடம் வாங்கி எழுதியிருப்பான்.

தாளை மடித்து என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

தோசை ஊற்றிக்கொண்டே இன்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்த ஆட்டத்துல நம்பர் நம்பரா எழுதறீங்களே, அது என்ன கண்ணு?"

"ஒரு ஆளோட தெறமை அமுச்சி. மூணு ரொம்பக் கம்மி, பதினெட்டு ரொம்ப அதிகம். சாதாரண ஆளுக்கு எல்லாமே பத்து."

"நாய்க்கு புத்தி எவ்வளவு போடுவீங்க?"

"நாய்க்கா? மூணு. எதுக்குக் கேக்கற?"

"சும்மாத்தான். இன்னொண்ணு வெக்கட்டுமா?"

ஜூன் 10, செவ்வாய்

நாய்க்கு மூன்று. எனக்கு நாலு.

ஜூன் 14, சனி

இன்று அவர்கள் கதையில் ஏதோ கிராமத்துக்குப் போனார்கள். நான் சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். பரணி குரலை இழுத்து, பல் போனவள் போலப் பேசினான். "ஏங்கண்ணு, நான் மில்லுல மேஸ்திரியா இருந்தப்ப..." ஷெரின் மேசையைத் தட்டிச் சிரித்தாள். கிஷோருக்குப் புரை ஏறியது. இன்பா சிரித்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் மிக்ஸியைப் போட்டுவிட்டேன்.

பஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். பரணி நல்ல பிள்ளை மாதிரி எழுந்து நின்று தட்டை வாங்கினான்.

"நீங்க எதுக்குங்க அமுச்சி செரமப்படறீங்க."

"உனக்குச் செய்யறதுல என்ன கண்ணு செரமம்" என்றேன்.

இவன் வாயாலேயே இவனைப் பேச வைப்பேன். யாருக்குப் புத்தி நாலு என்று இதே மேசையில், இதே ஆட்கள் முன்னால் இவன் சொல்ல வேண்டும். அதுவரை பஜ்ஜி.

ஜூன் 21, சனி

கிஷோருக்கு இது கடைசிச் சனிக்கிழமை. புனே ஆபீசுக்குப் போகிறான், இரண்டு வருஷம். இன்பாவுக்கென்று முதலில் வந்த இடம்தான் அது. மார்ச் பன்னிரண்டாம் தேதி அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போயிருந்தாள். ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், நான் எடுத்தேன். மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள், இன்பா பன்னிரண்டு மணிக்குள் கூப்பிட்டுச் சரி என்று சொன்னால்தான் இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்றாள். இன்பா பதினொன்றுக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாள். நான் நாலு மணிக்குச் சொன்னேன். மறந்துவிட்டேன் என்றேன். வயதானவள், பாவம் என்று கோகிலாவும் மாப்பிள்ளையும் விட்டுவிட்டார்கள். இன்பாவும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முடிந்த விஷயம். இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கிஷோருக்குக் கேசரி செய்துகொடுத்தேன்.

மேசையில் ஒரு நாற்காலி காலி. ஆட்டத்துக்கு ஆள் போதாது, வேறு யாரையாவது தேட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். "நான் உக்காரட்டுமா?" என்றேன். ஷெரின் கை தட்டினாள். பரணிக்கு ஒரே சந்தோஷம். இன்பா மட்டும், "அது உனக்குச் சரிப்படாது அமுச்சி, நாலு மணி நேரம் உக்காரணும்" என்றாள்.

"எட்டு மணி நேரம் நின்னவ நான்."

ஜூன் 28, சனி

இன்று என் ஆளைச் செய்தோம். பகடை நாலு. நாலையும் உருட்டி, இருப்பதிலேயே சின்னதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். இப்படி ஆறு தடவை. எனக்கு விழுந்தது 14, 12, 16, 5, 13, 10. எதை எங்கே போடுவது என்பது நம் இஷ்டம்.

"அந்த அஞ்சத் தூக்கி கவர்ச்சியில போட்ரலாமுங்க" என்றான் பரணி.

"புத்தியில போடு கண்ணு."

"புத்தி வேணுமுங்க அமுச்சி."

"எனக்கு அஞ்சு போதும்."

ஷெரின் சிரித்தாள். "அஞ்சுன்னா கதவத் தள்ளோணுமா இழுக்கோணுமான்னே தெரியாது அமுச்சி."

"நீ தொறந்து விடு. நான் பின்னால வாரேன்."

இன்பா பகடைகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். ஒன்று கீழே விழுந்தது. குனிந்தவள் அதை எடுத்துக்கொண்டு நிமிர நேரமாயிற்று.

அடுத்தது பின்னணி. இந்த ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த ஆள் என்னவாக இருந்தான் என்று சொல்ல வேண்டும். போர்வீரன் என்றால் குதிரை கிடைக்கும். வியாபாரி என்றால் ஊருக்கு ஊர் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பூசாரி, திருடன், கூத்தாடி. பட்டியலின் அடியில் அரண்மனை வேலைக்காரி என்று ஒன்று இருந்தது.

"இதுக்கு என்ன கெடைக்கும்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. வேலைக்காரிய யாரும் கண்டுக்க மாட்டாங்க. எங்க போனாலும் யாருன்னு கேக்க மாட்டாங்க. அவ்வளவுதானுங்க."

"அதையே எழுது."

சுப்பாள் என்று பெயர் வைத்தேன். எங்கள் மில்லில் மானேஜர் அறையைக் கூட்டுகிறவள் பெயர். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று சங்கத்துத் தலைவருக்கே தெரியாதபோது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார்கள். பெஞ்சு முன்னால் பேசுகிற மாதிரி.

ஜூலை 5, சனி

கூகைராணியின் உயிர் ஒரு விளக்கில் இருக்கிறது. அரண்மனைக்குள் மூன்று கதவு தாண்டி எரிகிறது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அணைக்க வேண்டும் என்று யார் மனதில் நினைத்தாலும் ராணிக்குக் கேட்டுவிடும். பரணி பதினான்கு மாசமாக வளர்த்து வைத்திருக்கும் ராணி. அவளைப் போலப் பேசும்போது அவன் முகமே மாறிப்போகிறது. அவ்வளவு ஆசை.

இன்பாவின் ஆள் வில்லுக்காரி, ஷெரினுடையவள் மருத்துவச்சி. இருவரும் ஊருக்கு வெளியே சண்டைக்குப் போனார்கள். பரணி என்னிடம் திரும்பினான்.

"நீங்க என்னங்க பண்றீங்க?"

"அரண்மனையில வேலைக்குச் சேந்து வாசல் கூட்டறேன்."

"சரிங்க, கூட்டறீங்க."

ஜூலை 12, சனி

வாசல் கூட்டினேன். முதல் கதவுக் காவலன் பெயர் சாத்தன், வெற்றிலைப் பழக்கம் உண்டு என்று பரணி போகிற போக்கில் சொன்னான். சாத்தனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். உள் முற்றத்தையும் கூட்டிவிடு என்றான்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 16, புதன்

காற்று பேயாக அடிக்கிறது. காயப்போட்ட துணி பக்கத்து பிளாட் பால்கனியில் கிடந்தது.

எட்டரைக்கு எல்லாரும் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் சுவரும்தான். இன்பா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற புதனும் வெள்ளியும்தான் வீடு வீடு மாதிரி இருக்கிறது. அறைக்குள் கம்ப்யூட்டரில்தான் பேசுவாள், என்னோடு இல்லை. இருந்தாலும் ஒரு குரல் கேட்கிறது. அவள் மட்டும் புனேயில் இருந்திருந்தால்... அந்த யோசனை எதற்கு இப்போது.

ஜூலை 19, சனி

இரண்டாம் கதவு. காவலன் எயினன், மாலைக்கண் உள்ளவன். ஒரு வாரம் அவன் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டேன். அவன் ராணியின் தோழியிடம் சொல்லி எனக்கு விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை வாங்கித் தந்தான். இது அத்தனையும் நான் பரணியிடம் சொன்னது நாலே வாக்கியத்தில். அவனுக்குச் சண்டையில்தான் மனசு.

"அமுச்சி ரொம்பப் பொறுமைங்க" என்றான்.

"எனக்கு என்ன கண்ணு, புத்தி அஞ்சு."

இன்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஜூலை 26, சனி

எண்ணெய் ஊற்றினேன். மூன்றாம் கதவுக்குக் காவலன் கிடையாது, ஓர் ஆந்தை. உள்ளே போகிறவன் மனதைப் பார்த்து அது ராணிக்குச் சொல்லும். என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே இருந்த விளக்குக்கும் ஊற்றினேன்.

வில்லுக்காரியும் மருத்துவச்சியும் ரகசியமாகச் சுரங்கப் பாதை வழியாக வந்தார்கள். ராணிக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேரையும் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டாள். எத்தனை அழகாகத் திட்டம் போட்டார்கள், பாவம். புத்தி இருந்தது, போட்டார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாளைக்கு.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே தலைக்குக் குளித்து, கோகிலா தீபாவளிக்கு எடுத்த பச்சைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். "கல்யாணத்துக்காம்மா போற?" என்றாள். கருமாதிக்கு என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

பரணி ராணியாகிப் பேசத் தொடங்கினான். எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தான். சங்கிலியில் கிடக்கிற இருவரையும் பார்த்து, உங்கள் ஊரை எரிப்பேன், உங்கள் நதியை உப்பாக்குவேன் என்று அரைமணி நேரம். ஷெரினின் பகடை நாலு தடவை தோற்றது. இன்பா வில்லை எடுக்கப் பார்த்தாள், அதற்கு முன்னாலேயே ராணிக்குத் தெரிந்துவிட்டது. இனி ஒன்றும் இல்லை என்று இருவரும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். பரணி ஒரு மரியாதைக்காக என்னைக் கேட்டான்.

"அமுச்சி, நீங்க என்னங்க பண்றீங்க?"

"எண்ணெய் ஊத்தறேன்."

"சரிங்க, ஊத்தறீங்க." அவன் மறுபடி தாளைப் பார்த்து ராணியாகப் போனான்.

"ஊத்திப்போட்டு, விளக்க ஊதி அணைச்சர்றேன்."

அவன் நிமிர்ந்தான். "எந்த விளக்குங்க?"

"மூணாங்கதவுக்கு உள்ள இருக்கறது. போன வாரம் அதுலதான ஊத்திட்டிருந்தேன்."

"இல்லீங்க, நீங்க அப்படி நெனைச்ச ஒடனே ராணி உங்க மனசப் படிச்சு..." அவன் கை என் தாளைத் தேடி எடுத்தது. பார்த்தான். தன் நோட்டைப் புரட்டினான். திரும்பவும் என் தாளைப் பார்த்தான்.

"ஆறும் அதுக்கு மேலயும்னு நீதான் எழுதி வெச்சிருக்கற" என்றேன். "என்கிட்டப் படிக்க ஒண்ணுமில்ல கண்ணு."

ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பகடை உருட்டோணுமா?"

"விளக்க ஊதறதுக்கு எதுக்குங்க பகடை" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. பதினான்கு மாசம் வளர்த்தவள். ஒரு மூச்சில் போய்விட்டாள்.

எனக்கு இனித்தது. மில்லில் மேஸ்திரி ஆன அன்றுகூட இவ்வளவு இனிக்கவில்லை.

அவன் நல்ல ஆட்டக்காரன், அதை மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று கை தட்டினான். ஷெரின் என்னைக் கட்டிக்கொண்டாள். ராணி இறந்தாள், அணைத்தது வேலைக்காரி சுப்பாள் என்று பரணி தன் நோட்டில் எழுதினான். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்து மேசை நடுவில் வைத்தேன்.

"மாரிக் கிழவி, புத்தி நாலு. இத எழுதுனது நீதான பரணி?"

பரணி தாளைப் படித்தான். காது சிவந்தது. அவன் பார்வை இன்பாவிடம் போயிற்று. அங்கேயே நின்றது. இன்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல், ஒரே சொல் போதும். நான் பத்து எண்ணினேன்.

"ஆமாங்க அமுச்சி" என்றான் பரணி. "நாந்தானுங்க. தப்புங்க. உங்களுக்குப் பதினெட்டுப் போட்டாலும் பத்தாதுங்க. மன்னிச்சிருங்க."

அவன் வாயாலேயே வந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அவன் நோட்டு திறந்தே கிடந்தது. கோழி கிண்டின மாதிரி எழுத்து. தாளில் இருப்பது முத்து முத்தாக இருக்கிறது. பேனா மாறினால் எழுத்தும் மாறும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். கோகிலா நேற்று நடந்ததை எதிர் பிளாட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எங்கம்மாவ யாராலயும் ஏமாத்த முடியாதுங்க. ஒரு விஷயம் காதுல விழுந்தா அவ்வளவுதான், சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க."

இன்பா உள்ளே தட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் எங்களோடு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பேனா மாறினால் எழுத்து மாறாது. இன்பாவின் 'ரா'வுக்கு ஒரு நீள வால் உண்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே. மளிகைச் சீட்டில் 'ராகி' என்று எழுதினால் அடுத்த வரியைத் தொடும். தாளில் 'ராணி'க்கு அந்த வால் இருக்கிறது. முதல் நாளே பார்த்தேன். எழுதத்தான் இல்லை.

இன்னொருத்தன் தலையில் பழி விழ விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பரணியைச் சாய்த்தாயிற்று. சாய்க்க வேண்டியவள் அவன் இல்லை.

நானாகக் கேட்க மாட்டேன். அவள் வரட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஆட்டம் இல்லை. இன்பாதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இன்பா எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். அதை முழுதாக உருவி முடித்தாள்.

"அந்தத் தாள பரணி எழுதல அமுச்சி."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கெடைச்ச அன்னிக்கே."

அவள் கை நின்றது. "அப்பறம் எதுக்கு அவன அத்தன பேரு முன்னால..."

"நீ வாயத் தொறக்கறயான்னு பாத்தேன். தொறக்கல."

"தப்புத்தான். அவங்கிட்டப் பேசிட்டேன்." மறுபடி உருவத் தொடங்கினாள். "ஊருக்குள்ள ஆளுங்க வேணும், ஆளுக்கு ஒண்ணு எழுதித் தாங்கன்னு பரணி சொன்னான். நான் உன்னை எழுதுனேன்."

"நாய்க்கு மேல ஒண்ணு. படிக்க ஒண்ணுமில்லைன்னு. தூக்கி வளத்தவள எழுதறதுக்கு உனக்குக் கை வந்துச்சு. சிரிக்கவா எழுதுன?"

"சிரிக்க எழுதல." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நம்பறதுக்கு எழுதுனேன்."

எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. புரிந்துவிட்டது.

"மார்ச்சுல இருந்து எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். வயசாயிருச்சு, அஞ்சாங்கிளாஸ், போன்ல சொன்னது மனசுல நிக்கல, பாவம்னு. எழுதிப் பாத்தா நெஜமாயிரும்னு தோணுச்சு. புத்தி நாலு, மறந்துருவா. அந்தக் கெழவி மேல எனக்குக் கோவமே இல்ல அமுச்சி. அவளக் கூட்டி வெச்சுச் சோறு போடலாம். அவகூட ஒரே வீட்டுல இருந்துக்கலாம்."

நான் உருவின கீரையையே திரும்ப உருவிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் நீ வந்து உக்காந்த. மொதக் கதவு சாத்தன், அவனுக்கு வெத்தல. ரெண்டாங்கதவு எயினன், அவனுக்கு மாலைக்கண்ணு. எந்த வாரம் எங்க எண்ணெய் ஊத்துனேன்னு ஒரு தாளப் பாக்கல நீ. பரணி போற போக்குல சொன்னதெல்லாம் உனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் உன்னையே பாத்துட்டிருந்தேன். இவளுக்கா பன்னெண்டு மணி மறந்துச்சுன்னு."

உள்ளே மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கும் கேட்கிறது போல.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதுக்கப்பறம் நான் கேக்கவே மாட்டேன். அன்னிக்கு மறந்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பவில்லை என்றாலும் நம்பின மாதிரி இருந்திருப்பாள். கோகிலா வரும்போது எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருப்போம். அதற்கு நான் மறுபடியும் அந்த நாலாக வேண்டும். இரண்டு மாசம் பாடுபட்டு, அந்த மேசையில் எல்லார் வாயாலும் இல்லை என்று சொல்ல வைத்த நாலு. போன் கையில் இருந்தபோது மணி பத்து இருபது. அந்தப் பெண் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு சரிங்க என்றேன். இன்பா வந்து செருப்பைக் கழற்றும்போது மணி பதினொன்று. அவள் ரசம் சாதம் சாப்பிட்டாள், பல் வலிக்கிறது என்று மோர் வேண்டாம் என்றாள். பன்னிரண்டு அடிக்கும்வரை நான் கடிகாரத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்தேன்.

"நான் எதையும் மறக்கறவ இல்ல" என்றேன்.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். மடியில் கிடந்த காம்புகளை ஒன்று விடாமல் பொறுக்கி முறத்தில் போட்டாள். எழுந்தாள்.

"செரி அமுச்சி" என்றாள். "நானும் உன்ற பேத்திதான். நானும் மறக்க மாட்டேன்."